கண்டி வீதியின் மறுமுனை

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ குருதி அமுக்கத்தைப் பற்றியோ பேசுவார் என்று விழாக் குழுவினர் நினைத்திருப்பார்கள். அவை முக்கியமானவைதான். தேநீர் இடைவேளையில் யாரும் தாராளமாகக் கேட்கலாம். இங்கே நாங்கள் பேச வந்தது வேறொன்று. எங்கள் வகுப்பைச் சேர்ந்த எட்டுப்பேர் ஓட்டன் சமவெளிக் காட்டுக்குள் ஒரு பழைய விடுதியில் இரண்டு இரவுகள் தங்கினோம். யாழ்ப்பாணம், கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, மெல்பேண் என்று பிரிந்து கிடக்கும் எட்டுப்பேர். அந்த இரண்டு இரவுகளில் சேர்ந்து யோசித்ததைத்தான் இங்கே சொல்லப்போகிறோம். இந்த உரை முழுவதும் 'நாங்கள்' என்று வருவதற்குக் காரணம் அதுவே. கடைசியில் சங்கத்திடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

எங்கள் ஊரில் பலருக்குக் கண்டி வீதி என்பது ஒரு முகவரி. கடிதத்தில் எழுதுவோம், ஓட்டோக்காரரிடம் சொல்லுவோம். ஆனால் அந்த வீதி உண்மையில் கண்டிக்குப் போகும் என்பது எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகச் செய்தியாகவே இருந்தது. 1990இல் பாதை மூடப்பட்டது. 2002இல் திறந்தது, 2006இல் மறுபடி மூடியது. போர் முடிந்த பிறகே அது எல்லோருக்கும் உரிய வீதியானது. அந்த ஆண்டுகளில் புவியியல் பாடத்தில் மத்திய மலைநாட்டை வரைந்து, மகாவலியையும் களனியையும் வளவையையும் நீலப் பென்சிலால் இழுத்தோம். குடாநாட்டில் இழுக்க ஆறு இல்லை. வழுக்கியாற்றை வரைந்தால், "மாரியில மட்டும் ஓடும் எண்டு பக்கத்தில எழுதுங்கோ" என்று ரீச்சர் சொல்லுவா. 1995 ஒக்டோபர் கடைசியில் செம்மணி தாண்டித் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, எங்களில் ஒருத்தியின் பையில் அந்த வரைபடக் கொப்பியும் இருந்தது. ஆறுகள் தொடங்கும் அந்த இடத்தைக் கண்ணால் காண எங்களுக்கு நாற்பது வயது தாண்டவேண்டியிருந்தது.

ஓட்டன் சமவெளியின் பழைய பெயர் மகா எலிய. 1834இல் அன்றைய ஆளுநர் சேர் றொபேட் வில்மட் ஓட்டனின் பெயரை ஆங்கிலேயர் அதற்குச் சூட்டினார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில், 3,159 ஹெக்டேயர் பரப்பில், புல்வெளியும் முகிற்காடும் மாறி மாறிக் கிடக்கும் மேட்டுநிலம் அது. 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

அங்குள்ள பழைய கட்டடங்கள் வேட்டைக் காலத்தை நினைவூட்டுபவை. தோட்டத்துரை தோமஸ் ஃபாரின் பெயரைக் கொண்ட ஃபார் விடுதி இப்போது பார்வையாளர் நிலையமாக இருக்கிறது. ஒரு காலத்தில் அண்டர்சன் லொட்ஜ் என்று அழைக்கப்பட்ட வீடு இன்று கினிஹிரிய என்ற பெயரோடு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. மகாஎலிய என்று இன்னொரு விடுதியும் உண்டு. மரைகளை நாய்விட்டுத் துரத்திக் கொன்றவர்கள் இளைப்பாறிய மேட்டுநிலத்தில், இன்று மரைகளைக் காவல்காப்பவர்கள் பணி செய்கிறார்கள். அந்த மாற்றம் ஒன்றுக்காகவே அங்கே ஒரு முறை தங்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது.

திணைக்களத்தில் முற்பதிவு செய்து, சாமான் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனோம். அங்கே கடை கிடையாது. அரிசிமா, பருப்பு, மிளகாய்த்தூள், பனங்கட்டி, மெழுகுதிரி, போர்வை எல்லாம் கொண்டுபோக வேண்டும். வாசலில் பைகளைத் திறந்து பொலித்தீனைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டார்கள். உல்லாசப் பயணிகள் வீசிய பொலித்தீனைத் தின்று மரைகள் இறந்த பிறகு வந்த கட்டுப்பாடு அது. லண்டனில் இருந்து வந்தவவின் பிஸ்கற் எல்லாம் கடதாசிப் பைக்கு மாறின.

விடுதிப் பொறுப்பாளர் ஐம்பது வயது தாண்டிய சிங்களவர். எங்களோடு பேசியதோ தோட்டத்துத் தமிழ். பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்றுக்கொண்டாராம். மாலை ஐந்து மணிக்கே அடுப்பங்கரையில் விறகு மூட்டி, "ராவுல வெளிய போகாதீங்கம்மா, புலி வரும்" என்றார். மலையகத்தில் சிறுத்தைக்கும் அந்தப் பெயர்தான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் ஒருத்தி சிரித்தா, பிறகு எட்டுப்பேரும் சிரித்தோம். அவருக்கும் விளங்கிவிட்டது. அவரும் சிரித்தார். ஒரு சொல்லைக் கேட்டு இப்படிச் சேர்ந்து சிரிக்க இந்த நாட்டில் எத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன என்று பிறகு படுக்கையில் கிடந்து யோசித்தோம்.

இருட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வயதுக்காரருக்கு இருட்டு புதிதல்ல. 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சொட்டு மண்ணெண்ணெயும் விட்டு எரித்த விளக்கில் படித்தோம். அந்த இருட்டில் அமைதி என்றால் அடுத்த சத்தத்துக்கான காத்திருப்பு. காது தூங்காது. எட்டுப்பேரில் ஐந்துபேருக்கு இன்றைக்கும் நித்திரை சரியில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்துக் கைத்தொலைபேசியைத் தடவுவதாக ரொறன்ரோக்காரி சொன்னா. எங்களிடம் சிகிச்சைக்கு வரும் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களில் பலர் நெஞ்சு படபடப்பு, தலையிடி என்று வருவார்கள். கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் நித்திரையில்லை என்ற இடத்தில் வந்து நிற்கும். அதற்கும் அப்பால் போனால் 1995 இருக்கும், அல்லது 2009 இருக்கும்.

அந்த விடுதியில் சிக்னல் இல்லை, தெருவிளக்கு இல்லை. எட்டு மணிக்குமேல் செய்ய ஒன்றுமில்லை. முற்றத்தில் மரைகள் புல் கடிக்கும் சத்தம் கேட்டது. ரோச் வெளிச்சத்தில் கண்கள் மட்டும் பச்சையாக மின்னின. ஓரிடத்தில் மரை ஒன்று குரல் கொடுத்தது. சிறுத்தையை மணந்திருக்கும் என்றார் பொறுப்பாளர். அப்படியும் எங்களுக்குப் பயம் வரவில்லை. ஆபத்து எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரிந்த ஒருவர் பக்கத்து அறையில் இருந்தார், அடுப்பில் நெருப்பு இருந்தது. முதல் இரவு எங்களில் ஆறுபேர் விடியும் வரை தூங்கினோம். இரண்டு இரவில் ஒரு வருத்தம் மாறிவிடும் என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார், நாங்களும் சொல்லவில்லை. ஆனால் இருட்டும் அமைதியும் பயத்தின் மறுபெயர்கள் அல்ல என்பதை உடம்பு ஒருமுறை அனுபவித்துப் பார்ப்பது பெரிய காரியம்.

அடுத்தது தண்ணீர். காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றிவர ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். உலக முடிவில் மலை 870 மீற்றர் அளவுக்குச் செங்குத்தாக இறங்குகிறது. ஒன்பது, பத்து மணிக்குப் பிந்தினால் மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். பலர் அதைக் குறையாகச் சொல்லுவார்கள். அந்தப் பனிதான் அங்கே வேலைசெய்யும் ஆள். காற்றில் வரும் முகிலை மரங்களின் இலையும் கிளையில் தொங்கும் பாசியும் பிடித்துச் சொட்டுச் சொட்டாக நிலத்தில் விடுகின்றன. புல்வெளியின் கறுத்த மண் அதைப் பஞ்சுபோல வாங்கிவைத்து, கோடையிலும் சிறுகச் சிறுக அருவிக்குக் கொடுக்கிறது. நாங்கள் நீலப் பென்சிலால் இழுத்த மூன்று ஆறுகளுக்கும் தலையூற்று அந்தப் பகுதிதான்.

கோப்பியும் தேயிலையும் மலையை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் காடு தப்பியது தற்செயல் அல்ல. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த சேர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடவேண்டாம் என்று ஆலோசனை சொன்னார். 1873இல் அது அரச கட்டளையானது. நூற்றைம்பது ஆண்டுகளாக நாடு அந்தக் கட்டளையின் பயனைக் குடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் இன்றும் ஆபத்து நீங்கவில்லை. நின்ற நிலையில் காய்ந்துபோன பெரிய மரங்களைக் கண்டோம். கீன மரமே அதிகம் பாதிக்கப்பட்டது. நீர்ப்பற்றாக்குறை, வேர் நோய், காற்று மாசு என்று ஆய்வாளர் பல காரணங்களை ஆராய்கிறார்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்த மஞ்சட்பூ முட்செடி புல்வெளியில் பரவுகிறது. நல்ல செய்தியும் உண்டு. அற்றுப்போனதாகக் கருதப்பட்ட ஓட்டன் சமவெளித் தேவாங்கின் ஒளிப்படம் 2010இல் வெளிவந்தது.

எங்கள் குடாநாட்டுக்கு அப்படி ஒரு மலை இல்லை. சுண்ணாம்புக் கல்லின் துவாரங்களில் மாரிமழை இறங்கி, உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீர்தான் எங்கள் கிணறு. அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். தோட்டத்துக்கு அள்ளிப்போடும் யூரியாவும், மலக்குழிகளின் கசிவும் நைத்திரேற்றாக அதே கிணற்றுக்குள் வரும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. குடாநாட்டின் பல விவசாயக் கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது உயிராபத்து. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். தாழையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்துவிட்டது, நல்லது. அதற்காகக் கிணற்றைக் கைவிட முடியாது. மலையில் மரம் செய்யும் வேலையை எங்கள் ஊரில் குளமும் கேணியும் பற்றைக்காடும் செய்கின்றன. தூர்ந்துபோன குளத்தை நிரவி வீடு கட்டும்போது நாங்கள் எதை நிரவுகிறோம் என்பது, அந்த மலையில் ஒரு காலை நின்றால் விளங்கும்.

இன்னும் ஒன்று. அங்கே பெயர்ப்பலகையில் இருப்பவை ஓட்டன், ஃபார், பேக்கர். அந்த மலைகளில் வீதி வெட்டியவர்களின், தண்டவாளம் போட்டவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டூடாக மாத்தளைக்கு நடந்து, வழியில் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் ஆயிரக்கணக்கில் இறந்து, மிஞ்சியவர்கள் கட்டிய மலைநாடு அது. எங்கள் சங்கம் உருவான காலப்பகுதியில், 1924இல், ரயில் பதுளையை எட்டியது. 1948இல் சட்டம் அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. முழுமையாகத் தீர்க்கும் சட்டம் வர 2003 ஆனது. எங்கள் விடுதிப் பிள்ளைகளிலும் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பத்தவர் இருந்தார்கள். அவர்களின் ஊர் எங்கே என்று எந்தப் பாடமும் எங்களுக்குக் காட்டவில்லை.

இனி எங்கள் கோரிக்கை. ஒவ்வோர் ஆண்டும் க.பொ.த. சாதாரண தரம் எழுதி முடித்த மாணவிகளில் ஒரு சிறு குழுவை, இரண்டு ஆசிரியைகளோடும் ஒரு பழைய மாணவி வைத்தியரோடும், இரண்டு இரவுகள் மலைக்காட்டில் தங்க அனுப்புவோம். கைத்தொலைபேசி வீட்டில் இருக்கட்டும். திரும்பி வந்ததும் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் கிணற்று நீரைப் பரிசோதித்து, வகுப்பில் சொல்லவேண்டும். அதே ஆண்டில் ஒரு தோட்டப் பாடசாலையின் பிள்ளைகளை இங்கே அழைத்து, கடலையும் பனையையும் காட்டவேண்டும். முதல் மூன்று ஆண்டுகளின் செலவை எங்கள் வகுப்பு ஏற்கிறது.

"பொம்பிளைப் பிள்ளையளைக் காட்டுக்குள்ள அனுப்புறதோ?" என்று தாய்மார் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். ஆகவே வைத்தியராகச் சில வார்த்தைகள். அந்த உயரம் ஆரோக்கியமான பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது. குளிர்தான் கவனிக்கவேண்டியது. தை, மாசியில் புல்லில் உறைபனி படியும். பருத்தி உடுப்பு நனைந்தால் உடம்புச் சூட்டை இழுக்கும். கம்பளியும் மாற்று மேசும் கட்டாயம். தொய்வு உள்ள பிள்ளை இன்ஹேலரைக் கைப்பையில் வைத்திருக்கவேண்டும், பெட்டிக்குள் அல்ல. நுவரெலியா முப்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், மலைப்பாதை. அதனால் வாகனம் ஒன்று இரவும் நிற்கவேண்டும். உலக முடிவின் விளிம்பில் படம் எடுக்க யாரையும் விடக்கூடாது. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிப் பெற்றோரின் கையொப்பம் வாங்குவோம்.

இந்தக் கல்லூரி எங்களைப் பதுங்கு குழிக்குப் பக்கத்தில் வைத்தும் படிப்பித்தது. போக முடியாத மலையின் ஆறுகளை மனப்பாடமாக்கித் தந்தது. எங்கள் தங்கைமாருக்கும் மகள்மாருக்கும் இன்று வீதி திறந்திருக்கிறது. அவர்கள் அதில் போய்ப் பார்க்க ஒரு வான் பிடித்துக் கொடுப்பது சங்கத்துக்கு முடியாத காரியம் அல்ல. விண்ணப்பப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. செலவுக்குக் கை கொடுக்க விரும்புவோரும், வைத்தியராகக் கூடப் போக விரும்புவோரும் பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள்.