மனுப் பெட்டிச் சாவி யார் கையில்?
(பொதுக்கூட்ட உரையின் எழுத்து வடிவம்)



திருச்சி மாவட்டத்துல பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களோட வாழ்ந்தவர் ஸ்டேன் சுவாமி. 2020 அக்டோபர்ல கைது பண்ணும்போது அவருக்கு 83 வயசு. நடுக்குவாத நோய். டம்ளரைப் பிடிச்சுத் தண்ணி குடிக்க முடியாது. உறிஞ்சுகுழாய் கேட்டு கோர்ட்டுக்குப் போனார். பதில் சொல்லவே 20 நாள் அவகாசம் கேட்டது என்.ஐ.ஏ! 2021 ஜூலை 5, ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அதே நாள், விசாரணைக் கைதியாகவே இறந்துபோனார்.

நாடே அறிஞ்ச மனுஷனுக்கு இந்தக் கதின்னா, ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னு கம்பியைத் தட்டுற கூலித் தொழிலாளி குரலை யார் கேட்பா?

"தப்பு பண்ணினவன்தானே" என்று சிலர் சொல்வார்கள். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நாலில் மூணு பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். தண்டனை பெற்றவனுக்கும் தண்டனை சிறைதான், மருந்து மறுப்பு அல்ல.

சுனில் பத்ரா என்ற கைதி, சக கைதி பட்ட சித்திரவதையைப் பற்றி உச்சநீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அதையே வழக்காக எடுத்து நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு சொன்னார். சிறையில் மனுப் பெட்டி வைக்கணும், அது மாவட்ட மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிபதி பொறுப்பில் இருக்கணும், அடிக்கடி திறக்கணும். நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. புகார் யார் மேலயோ அவர் கையிலயே சாவி இருந்தா, அது மனுப் பெட்டியா? உண்டியலா?

அடுத்தது குடும்பம். கைது செய்தா உறவினருக்குச் சொல்லணும்னு சட்டம் இருக்கு, பி.என்.எஸ்.எஸ். 48-வது பிரிவு. ஆனா உள்ளே போன பிறகு நோய் முற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா? கடுமையான நோய், காயம், வேறு சிறைக்கு மாற்றம் எதுவானாலும் குடும்பத்துக்கு உடனே தெரிவிக்க வாய்ப்பு தரணும்னு ஐ.நா.வின் மண்டேலா விதிகள் 2015-லயே சொல்லுது. பெத்த தாய்க்கு பிணவறையிலிருந்துதான் முதல் போன் வரணுமா?

நாம கேட்கிறது பெரிசா ஒண்ணுமில்ல. மருத்துவ மனுவுக்குத் தேதி போட்ட ரசீது. மறுத்தால் காரணம் எழுத்தில். ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பும்போதே வீட்டுக்கு போன். பெட்டிச் சாவி சிறைக்கு வெளியே.

உங்க தெருவில் யாராவது உள்ளே இருந்தா, அந்த வீட்டுக்கு இன்னைக்கே போய்ச் சொல்லுங்க: காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு. நம்பர் 15100. மனுவை எழுத்தில் கொடுங்க, நகல் வெச்சுக்குங்க.

#சிறையிலும்_உயிர்_உயிரே