சாகிறேன் என்னும் பிள்ளைக்குத் தாயத்தா மருந்து?



எட்டு வயதுப் பிள்ளை "நான் செத்துப் போகிறேன்" என்றால், இந்தக் குன்னூர்த் தோட்டத்து லயன்களில் நாம் செய்வதென்ன? ஒருவர் பிடிவாதமென்று அடிக்கிறார். ஒருவர் பேயென்று மந்திரவாதியைத் தேடுகிறார். ஒருவர் தலைவிதி என்கிறார். பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டவர் யார்?

மனநல வைத்தியர்கள் கேட்கிறார்கள். செத்தால் திரும்பி வர முடியாதென்பது சிறுபிள்ளைக்கு முழுதும் விளங்காதிருக்கலாம். ஆனால் அதன் துயரம் மெய்யானது. "சாகலாமென்று தோன்றுகிறதா?" என்று நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, மனம் திறக்கவே வழியுண்டாகும். அடியா, அவமானமா, வீட்டுச் சண்டையா, பள்ளிக்கூடத்துக் கேலியா என்று விசாரித்து, தாய் தகப்பனையும் கூட வைத்துப் பேசுவதே அவர்களது முக்கிய வைத்தியம். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வைக்கவும் சொல்லுகிறார்கள்.

போலீசுக்குப் பயந்து மறைக்கவும் வேண்டாம். 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனவேதனையில் இருந்தவராகவே கருதச் சொல்லுகின்றது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே இலவசமாக யோசனை சொல்லுவார்கள்.

ஆகவே, தாயத்துக்கு அழும் காசைப் பஸ்ஸுக்குக் கொடுத்து, பிள்ளையை ஊட்டி சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள் என்றே நாம் கேட்டுக்கொள்ளுகின்றோம். அதற்கு முன், இன்றிரவே பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்!