அளந்த பிறகு பூட்டுவோம்
(ஹொல்ம்லியாவில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



யாழ்ப்பாணத்து ரோட்டுகளிலை ஓடின மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய வாகனங்கள் அவை. புதுப் பாகம் வர வழியில்லை. இருக்கிற பாகம் பொருந்துமோ எண்டு அளந்து பார்த்துத்தான் எங்கட மெக்கானிக்மார் வேலை செய்தவை. இஞ்சை பாகங்கள் தபாலில் வீடு தேடி வரும். ஆனால் வந்ததெல்லாம் பொருந்தும் எண்டில்லை.

முதலில் எஞ்சின் எது எண்டு அறிய வேணும். மைனர் கார் 1948 முதல் 1971 வரை வந்தது. அதில் பூட்டிய ஏ சீரீஸ் எஞ்சின்கள் 803, 948, 1098 சி.சி. என மூன்று. வெளியில் பார்த்தால் கூடப்பிறந்தவை போல இருக்கும். ஆனால் 948 இல் பிஸ்ரன் ஓடும் தூரம் 76.2 மில்லிமீற்றர், 1098 இல் 83.7. ஒன்றின் கிராங்கை மற்றதற்கு நம்பி வாங்கக் கூடாது. பழைய கார்களில் எஞ்சின் மாற்றியிருப்பார்கள். ஆகவே காரின் ஆண்டை விட்டுவிட்டு, எஞ்சினில் அடித்திருக்கும் இலக்கத்தைப் பாருங்கள்.

இரண்டாவது, புரி. 5/16 அங்குல ஆணி 7.94 மில்லிமீற்றர். கண்ணுக்கு 8 மில்லிமீற்றர் ஆணியும் அதுவும் ஒன்றுதான். ஆனால் நுண்புரி அங்குல ஆணியில் புரிக்குப் புரி 1.06 மில்லிமீற்றர், மற்றதில் 1.25. இரண்டு சுற்றுப் போய் இறுகும். அதுக்கு மேல் சாவி போட்டால் துளையின் புரி போய்விடும். 1956 முதல் 1970 வரை வந்த வோல்வோ அமேசனும் அங்குலப் புரிதான். ஆகவே பழைய வோல்வோப் பாகம் விற்பவர்களிடம் நோர்வேயிலேயே விசாரிக்கலாம்.

மூன்றாவது, ஒழுங்கு. சிலிண்டரைப் போர் அடிப்பதென்றால் முதலில் பிஸ்ரனை வாங்கி அளந்து, அதற்கேற்பப் போர் அடியுங்கள். கிராங்குக்கு நேர் மாறு: முதலில் கடைந்து அளந்து, பிறகு பெயாரிங் வாங்குங்கள். ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராய் இறக்கி வாய் இடைவெளியைப் பீலர் கேஜால் பாருங்கள். துளை ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் 3, 4 பங்கு அங்குலம் பொதுக்கணக்கு. குறைந்தால் சூட்டில் நுனிகள் முட்டி ரிங் உடையும், சுவரைக் கீறும்.

ஏ சீரீஸ் உற்பத்தி 2000 இல் நின்றுவிட்டது. ஒரு பிளொக்கை எத்தனை தரமும் போர் அடிக்க ஏலாது, சுவர் மெலிந்துவிடும். பாகம் தப்பினால் திருப்பி அனுப்பலாம். பிளொக் போனால் எஞ்சினே போச்சு.

ஊரில் கராஜில் நின்ற ஐயாமார் எங்களுக்குள்ளை இருக்கினம். பிள்ளைகள் அவையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துங்கோ. அந்தக் கைப்பழக்கம் புத்தகத்தில் வராது.

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.