கோப்பு ஏன் தாமதிக்கிறது?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அலுவலகக் கணினிகளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, “பொறியாளர்கள் பலர் இக்காலனியில் இருக்க, மெட்ரிகுலேஷன் தேறிய ரயில்வே குமாஸ்தா எதற்கு?” என்று கேட்டேன். “பொறியாளர் பேசினால் பொறியாளருக்குத்தான் விளங்கும்” என்றார். அந்தத் துணிவில் நிற்கிறேன்.

ஓர் அலுவலகத்தின் கதையைச் சொல்கிறேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஊழியர்களின் பழைய பணிப்பதிவேடுகளையெல்லாம் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, லினக்ஸ் இயங்கும் ஒரு சர்வரில் வைத்திருந்தனர். மேசைகளில் இருந்தவை விண்டோஸ் கணினிகள். ஓய்வு பெறுவோருக்கு உரிய தொகையைக் கணக்கிட அந்தப் பதிவேட்டைத் திறந்தாக வேண்டும். திறந்தால் ஒரு பக்கம் வருவதற்குள் தேநீர் ஆறிவிடும். கணவரை இழந்த அம்மையார் ஒருவர் குடும்ப ஓய்வூதியத்துக்காக மூன்று நாள் வந்து, வராந்தாப் பெஞ்சில் அமர்ந்து, வெறுங்கையுடன் திரும்பினார். பழி முழுவதும் அந்த மேசையில் இருந்த இளநிலைக் குமாஸ்தாவின் தலையில் விழுந்தது. அவருக்காகப் பரிந்து பேசியவர்களோ, “லினக்ஸும் விண்டோஸும் ஒத்துவாரா, சர்வரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதே வழி” என்றனர். வாங்குவதற்கான குறிப்பும் எழுதப்பட்டுவிட்டது.

ஒத்துவாரா என்பது உண்மைதானா? வடக்கேயிருந்து ஊருக்குப் போய்வந்தவர்கள் ஒன்றை மறந்திருக்க மாட்டார்கள். அகலப்பாதை வண்டி நம்மைச் சென்னை சென்ட்ரலில் இறக்கிவிடும். திருச்சிக்கோ மதுரைக்கோ போகவேண்டியவர் குழந்தை குட்டி, ட்ரங்குப் பெட்டி, கூஜா சகிதம் எழும்பூர் சென்று மீட்டர்பாதை வண்டியைப் பிடிக்க வேண்டும். ஒன்றின் அகலம் 1676 மில்லிமீட்டர், மற்றதற்கு 1000. 1992-இல் ஒரே அகலப்பாதைத் திட்டம் தொடங்கிய பின்னரே இத்தொல்லை படிப்படியாக ஒழிந்தது. இருவகைக் கணினிகளுக்கிடையே கோப்பும் இப்படித்தான் சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் ஏறுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. இரண்டுக்கும் பாதை ஒன்றே. அதே கேபிள், அதே ஸ்விட்ச். வேறுபடுவது பேச்சு மொழி.

விண்டோஸ் பேசும் மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்து, மைக்ரோசாஃப்டின் வீட்டில் வளர்ந்தது. யூனிக்ஸ் வழிவந்த கணினிகளுக்கு 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் என்.எஃப்.எஸ். என்ற மொழியை அளித்தது. இவ்விரு உலகங்களுக்கும் நடுவே துபாஷியாக வந்து நின்றது சாம்பா என்னும் மென்பொருள். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்பவர் 1992 வாக்கில் இதைத் தொடங்கினார். இலக்கண நூல் ஏதும் கையில் இல்லை. கணினிகள் கேபிளில் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டே கற்றுக்கொண்டார். எஸ், எம், பி என்ற எழுத்துகள் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடி அப்பெயரையும் சூட்டினார். காய்கறிக்காரருக்கும் ஊரிலிருந்து வந்த பாட்டிக்கும் நடுவே நம் பேரப்பிள்ளைகள் இந்தியில் பேசுகிறார்களே, அந்த வேலைதான். அதனால் மட்டும் ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஆகாது.

பழுது பார்க்க ஒப்பந்தப் பணியில் வந்த இளைஞர் முதலில் எந்தக் கணினியையும் தொடவில்லை. “திறப்பதற்குத் தாமதமா, வந்துகொண்டிருக்கும்போது தாமதமா?” என்றுதான் கேட்டார். சர்வரின் பெயரைச் சொடுக்கியதும் அரை நிமிடம் ஒன்றுமே தோன்றாமல், பிறகு விறுவிறுவென்று வந்தால், குற்றம் பெயரைத் தேடும் ஏற்பாட்டில் இருக்கும். பெயருக்குப் பதில் எண் முகவரியைக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே அப்படி இல்லை.

பின்பு, கோப்பையே விலக்கிவிட்டுப் பாதையை மட்டும் அளந்தார். ஐபெர்ஃப் என்றொரு சிறு கருவி உண்டு. அது வட்டைத் தொடாமல், ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து மற்றதன் நினைவகத்துக்குத் தரவை அனுப்பி வேகத்தைச் சொல்லும். நல்ல கிகாபிட் பாதையில் நொடிக்கு 940 மெகாபிட் வரை காட்டும். இரண்டு மேசைகளில் அப்படியே காட்டியது. மூன்றாவதில் 94! பிட் எட்டு சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 94 மெகாபிட் என்பது நொடிக்கு 11 மெகாபைட்டுக்குச் சற்று மேல். ஒரு கிகாபைட் கோப்புக்கு ஒன்றரை நிமிடம். 940 என்றால் ஒன்பது நொடிக்குள் முடியும். கேபிளினுள் நான்கு ஜோடிக் கம்பிகள் உள்ளன. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் தேவை. 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். ஒரு ஜோடி அறுந்தால் இணைப்பு முற்றிலும் போகாமல், சத்தமில்லாமல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவது உண்டு. நாற்காலிச் சக்கரம் பலநாள் ஏறி இறங்கிய இடத்தில் கேபிள் நசுங்கிக் கிடந்தது.

நான்காவது மேசையில் 94 கூட இல்லை. ‘பிங்’ செய்தால் உடனே மறுமொழி. பெரிய கோப்பை நகர்த்தினால் ஆமை நடை. ரயில்வேக்காரருக்கு இது எளிதில் விளங்கும். ஒரு முனை இரட்டைப் பாதை என்று எண்ணிப் போவதும் வருவதும் ஒருங்கே நடத்துகிறது. மறுமுனை ஒற்றைப் பாதை என்று எண்ணி எதிரே ஒன்று வந்தால் நிறுத்துகிறது. ஸ்விட்சில் யாரோ ‘முழு இருவழி’ என்று கையால் அழுத்தமாக நிர்ணயித்திருந்தார். கணினி ‘தானே பேசி முடிவு செய்’ என்ற நிலையில் இருந்தது. பேச எதிர்முனை வாராதபோது, கணினி விதிப்படி ஒற்றைப் பாதைக்கு இறங்கிவிடும். போக்குவரத்துக் குறைந்திருக்கையில் மோதல் இராது. கூடினால் மோதலும் மறு அனுப்புதலுமே மிஞ்சும். இரு முனைகளையும் ‘தானே முடிவு செய்’ என்றாக்கியதும் தீர்ந்தது.

இதன் பின்னரும் அந்த இளநிலைக் குமாஸ்தாவின் மேசையில் மட்டும் பதிவேடு நகரவில்லை. அவருடைய பாதை 940 காட்டிற்று என்பது நினைவிருக்கட்டும். வியாதி பாதையில் இல்லை, பண்டகசாலையில்! ஐந்நூறு பேருடைய பதிவேடுகள், ஆளுக்கு எண்பது பக்கம், பக்கத்துக்கு ஒரு கோப்பு. ஆக நாற்பதாயிரம் கோப்புகள் ஒரே உறையில். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை; ஆங்கிலத்தில் உண்டு. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸுக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். அவர் வைத்திருந்த பட்டியலில் கோப்புப் பெயர்கள் பெரிய எழுத்தில். சர்வரில் சிறிய எழுத்தில். கேட்ட பெயர் அப்படியே கிடைக்காததால், எழுத்து மாறியேனும் இருக்கிறதா என்று துபாஷி உறை முழுவதையும் ஒவ்வொரு பக்கத்துக்கும் துழாவினான். எண்பது பக்கத்துக்கு எண்பது முறை. மற்ற மேசைக்காரர்கள் இந்தப் பட்டியல் வழியாகத் திறப்பதில்லை. ஆகவே அவர்களுக்கு இத்துன்பம் இல்லை. “மற்றவர்க்கு வேகமாக வருகிறதே, உனக்கு மட்டும் என்ன?” என்ற வசவு அவருக்கு வந்த காரணம் இதுதான்.

ஆளுக்கு ஓர் உறை, எண்பது பக்கமும் சேர்ந்து ஒரே கோப்பு, பெயர் சிறிய எழுத்தில், பட்டியலிலும் அவ்வாறே என்று மாற்றினர். இரண்டு நாள் வேலை. சில்லறைக் கோப்புகளைத் தனித்தனியே கேட்டு வாங்குவதில் நேரம் எவ்வளவு போகிறது என்பது, பார்சல் ஆபீசில் எண்பது சிறு பொட்டலங்களுக்கு எண்பது ரசீது எழுதியவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இடையில் ஓர் அன்பர், எஸ்.எம்.பி.-யின் பழைய முதற்பதிப்புக்குத் திரும்பினால் வேகம் கூடும் என்று யோசனை சொன்னார். அது சிறிது கேட்டு, மறுமொழிக்குக் காத்திருந்து, மீண்டும் சிறிது கேட்கும் வாயாடி மொழி. வேகம் குறையுமே தவிரக் கூடாது. 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் பறித்த ‘வானாக்ரை’ பரவியது அந்த வாசல் வழியாகத்தான். வைரஸ் தடுப்பை நிறுத்திவிடலாம் என்பதும் அதே ரகம். ஓய்வூதியக் காகிதங்கள் உள்ள வீட்டுக்குக் கதவைக் கழற்றிக் காற்று வாங்குவார் உண்டோ?

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அந்த இளைஞர் அதே கோப்பை அனுப்பி, ஆன நொடிகளை ஒரு துண்டுத்தாளில் குறித்துவந்தார். சர்வர் வாங்கும் குறிப்போடு அத்துண்டுத்தாளையும் இணைத்து மேலே அனுப்பினர். குறிப்பு திரும்பிவந்தது, சர்வர் இன்றும் அதே சர்வர்தான். புதிதாக வாங்கியது ஒரு கேபிள். அம்மையார் நான்காம் முறை வந்தபோது பெஞ்சில் அமர நேரவில்லை. மேசைக்கே அழைத்து, கணவருடைய பணிப்பதிவேட்டின் முதற் பக்கத்தை அந்த இளநிலைக் குமாஸ்தா திறந்து காட்டினார். அதில் ஒட்டியிருந்த இளவயதுப் புகைப்படத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேள்வி.