மௌனமான விண்கலத்தைத் தேடுதல்

விண்கலத்தைப் பூமியிலிருந்து கண்டறிய முக்கியமான வழிகள் இரண்டு. கலமே அனுப்பும் ரேடியோ அலையைக் கேட்பது ஒன்று. இங்கிருந்து அலையை அனுப்பி, கலத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிப்பது மற்றொன்று. ஆலங்குளம், சிவகாசி வட்டாரத்தாருக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டாம். எரியும் மத்தாப்பு தூரத்திலிருந்தே தெரியும். அணைந்து விழுந்த கம்பியை டார்ச் அடித்துத்தான் தேட வேண்டும்.

முதல் வழியின் எட்டம் வியப்பானது. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 கலத்தின் டிரான்ஸ்மிட்டர் ஏறத்தாழ 23 வாட் திறனுடையது. 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து அது அனுப்பும் தகவல் இன்றும் பூமியில் பெறப்படுகிறது. இந்தியாவில் இப்பணிக்கென்றே பெங்களூரு அருகே பியாலாலுவில் 18 மீட்டர், 32 மீட்டர் ஆண்டெனாக்கள் உள்ளன. புனே அருகே நாராயண்காவில் உள்ள ஜி.எம்.ஆர்.டி., வானியலுக்காகக் கட்டப்பட்ட தொலைநோக்கி. ஆனாலும் 2016 அக்டோபர் 19 அன்று செவ்வாயில் இறங்கிக்கொண்டிருந்த ஐரோப்பியக் கலமான ஸ்கியாபரெல்லியின் மெல்லிய சமிக்ஞையை அது பிடித்தது. தரையைத் தொடும் நேரத்துக்குச் சற்று முன்பு அந்தச் சமிக்ஞை நின்றுபோனது. கலம் மோதி நொறுங்கியது பின்னர் உறுதியாயிற்று.

பேசாத கலத்தின் கதை வேறு. நிலவைச் சுற்றிவந்த இந்தியக் கலமான சந்திரயான்-1 உடனான தொடர்பு 2009 ஆகஸ்ட் 29 அன்று அறுந்தது. கலமோ பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர் அளவுள்ள பெட்டி. நிலவின் ஒளியில் எந்த ஒளியியல் தொலைநோக்கிக்கும் அகப்படாது. போதாக்குறைக்கு, நிலவின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் சுற்றுப்பாதையும் மெல்ல மாறிவந்தது. ஆனால் ஒன்று நிச்சயம்: துருவச் சுற்றுப்பாதையில் உள்ள கலம் ஒவ்வொரு சுற்றிலும் துருவங்களின் மேலாகக் கடந்தே தீரும்.

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தார் இதைத்தான் பற்றிக்கொண்டனர். 2016 ஜூலையில் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் உள்ள 70 மீட்டர் ஆண்டெனா, நிலவின் வடதுருவத்துக்கு மேலே சுமார் 160 கிலோமீட்டர் உயரத்தை நோக்கி நுண்ணலைக் கற்றையை அனுப்பியது. எதிரொலியை மேற்கு வர்ஜீனியாவின் 100 மீட்டர் கிரீன் பேங்க் தொலைநோக்கி வாங்கியது. நான்கு மணி நேரத்தில் ஏதோ ஒரு பொருள் இரண்டு முறை கற்றையைக் கடந்தது. சந்திரயான்-1 ஒரு சுற்றை முடிக்க எடுக்கும் 2 மணி 8 நிமிடத்தோடு அந்த இடைவெளி பொருந்தியது. பழைய கணிப்பிலிருந்து கலம் ஏறத்தாழ அரைச் சுற்று விலகியிருந்தது. அடுத்த மூன்று மாதங்களில் மேலும் ஏழு முறை அது அகப்பட்டது. செய்தி 2017 மார்ச்சில் வெளியானது. பெயர் ஆண்டெனாக்களுக்குக் கிடைத்தாலும், எங்கே காத்திருப்பது என்று சொன்ன கணக்குக்கே பெரும்பங்கு உரியது.

எதிரொலியைப் பிடிக்கும் இந்த ரேடார் முறைக்குக் கறாரான வரம்பு உண்டு. கலம் அனுப்பும் அலை, தூரம் இரட்டித்தால் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ரேடார் அலை போகும்போதும் வரும்போதும் மெலிவதால் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகிவிடும். செவ்வாயைச் சுற்றிவந்த இந்தியக் கலமான மங்கள்யான் 2022-இல் மௌனமானது. செவ்வாய் மிக அருகில் வரும்போதும் சுமார் 5.5 கோடி கிலோமீட்டர் தொலைவில், அதாவது நிலவைப்போல் 140 மடங்குக்கும் மேற்பட்ட தூரத்தில் இருக்கும். அங்கிருந்து வரும் எதிரொலி, அதே அளவுள்ள கலம் நிலவிலிருந்து தரும் எதிரொலியில் 38 கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இன்றுள்ள ரேடார்களால் மங்கள்யானைக் கண்டுபிடிக்க முடியாது.