பிரிந்தபின் நேரும் உறவு

வாளையாற்றையும் போடிமெட்டையும் கடந்து பிழைப்புத் தேடியவர்கள் நம்மிற் பலர். இடுக்கி ஏலத்தோட்டங்களிலிருந்து மாலையில் தேனிப் பக்கம் திரும்புவோரைப் போடிமெட்டில் நின்று எண்ணலாம். யார் எச்சுமையுடன் வந்தார் என்பது தெரியும். வழியில் சுமை கைமாறியதா என்பது தெரியாது.

அணுவுலகிலும் இவ்விடர்ப்பாடு உண்டு. பி மெசான் என்னும் துகள் புரோட்டானைவிட 5 மடங்குக்கு மேல் கனமானது. வினாடியின் இலட்சங்கோடியில் ஏறத்தாழ 1.5 பங்கு நேரமே வாழ்வது. அது சிதையப் பிறக்கும் துகள்கள், பிரியுமுன் வல்விசையால் ஒன்றையொன்று தாக்குகின்றன. சிலபோது வேறு துகள்களாகவும் மாறுகின்றன. கருவியிற் பதிவது இறுதிக் கோலமே.

இவ்வுறவால் விளைவது குழப்பம் மட்டுமன்று. 2004இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு ஆய்வுக்கூடத்தார் 20 கோடிக்கு மேற்பட்ட மெசான் இணைகளை ஆராய்ந்தனர். கேயானும் பையானுமாகச் சிதைந்த பி மெசான்கள் 910. அவ்வாறே சிதைந்த எதிர்மெசான்கள் 696. பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் இடையே இயற்கை காட்டும் இவ்வோரவஞ்சனை வெளிப்படச் சிதைவுக்கு இரு வழிகள் வேண்டும். அவ்வழிகளின் அலைகள் ஒன்றுக்கொன்று முன்பின்னாக விலகவும் வேண்டும். அவ்விலகலைத் தருவது வல்விசைப் பின்னுறவே. அஃதின்றேல் வேறுபாடு மறைந்தே கிடக்கும். அதனைப் பிழைபடக் கணித்தாலோ, பழைய விதியின் விளைவைப் புதிய விதியென மயங்குவோம்.

ஜப்பானில் நிகழும் பெல் 2 ஆய்வில் சென்னை ஐ.ஐ.டி.யினரும் பங்குகொண்டு இத்தகைய சிதைவுகளை ஆராய்கின்றனர். வந்து சேர்ந்ததை எண்ணினால் மட்டும் போதாது; வந்த வழியையும் வினவுதல் வேண்டும்.