இரு சீடர்கள்



மாலையில் அலுவலகம் விட்டு நடக்கையில், "இந்த ஓட்டம் எதற்கு? ஒதுங்கி அமைதியாக இருந்தால் என்ன?" என்று மனம் கேட்கிறது. ஊரில் முதிய பெற்றோர். வீட்டில் படிக்கும் மக்கள். வெளிமாநிலத்தில் பிழைக்கும் நம்மிற் பலர்க்கும் இது பழகிய வழக்கே.

நான் பணிபுரியும் திருவனந்தபுரத்திலேயே இவ்வழக்கை ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தில், சுந்தர முனிவருக்குச் சீடர் இருவர். தனித்திருந்து தியானத்தில் ஆழ்வதே பெரிது என்பது நிஷ்டாபரர் கொள்கை. பிறர் துயர் துடைப்பதே பெரிது என்பது கருணாகரர் கொள்கை.

வென்றவர் யார்? விடை வாதத்தில் இல்லை, குருவின் செயலில் இருக்கிறது என்பதே என் கருத்து. முற்றும் துறந்த அம்முனிவர், பாண்டியனுக்கு வரவிருக்கும் கேட்டை உணர்ந்து, அரண்மனையிலிருந்து தம் ஆசிரமத்துக்குச் சுரங்கவழி அமைக்கிறார். தமக்கென எதுவும் வேண்டாமையால் அவர் பார்வை தெளிந்திருந்தது. கருணை உண்மையால் வாளா இருக்க முடியவில்லை.

அண்மையில் விருப்ப ஓய்வு விண்ணப்பம் ஒன்றை எழுதி வைத்திருந்தேன். நாடகத்தை மீண்டும் படித்தபின் அதனை அனுப்பவில்லை. இப்போது விடியலில் அரைமணி நேரம் தனித்திருக்கிறேன். பத்து மணிக்கு மேசையில் அமர்ந்து, ஓய்வூதிய அறிவிப்பொன்றை எந்த மூதாட்டிக்கும் விளங்கும் தமிழில் பெயர்க்க முயல்கிறேன். விடியல் நிஷ்டாபரருக்கு; பகல் கருணாகரருக்கு.